கிளாட்வினின் இருபத்தேழு

தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு உதறு உதறி நான்காக மடித்தார் கிளாட்வின். முழந்தாளிட்டிருந்த அந்த அம்மாள் ஒரு காலை மாற்றி ஊன்றத் தூக்கிய நேரம் பார்த்து, துண்டை அடியில் தள்ளிவிட்டு நடையைக் கட்டினார். மாதா திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வந்த அம்மாள் அவர். சிலுவை நட்ட எங்கள் குருசடிக் கோவில் முன்னால் அப்போது சல்லிக்கல் கொட்டிக் கிடந்தது. அந்தக் கல்லின் மேலேயே முழந்தாள் போட்டுக் கண்ணை மூடிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். காலுக்கு அடியில் மெத்தென்று ஏதோ வந்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. கண்ணைத் திறக்கவில்லை. மாதா செய்த புதுமை என்றே நினைத்திருப்பார். எதிரே டீ ஆற்றிக்கொண்டு நின்ற எனக்கு மட்டும்தான் தெரியும். மறுநாள், "தம்பி, துண்டு எங்கே?" என்று கேட்டேன். "எந்தத் துண்டு?" என்றார் கிளாட்வின்.

திரேஸ்புரம் கடற்கரையில்தான் என் டீக்கடை. கிளாட்வினுக்குச் சங்கு குளிக்கிற தொழில். வள்ளத்தில் காற்றடிக்கிற கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வருகிற நீளமான டியூபை வாயில் கடித்துக்கொண்டு பத்துப் பாகம், அறுபது அடி, ஆழத்துக்குப் போவார். சேற்றையும் மணலையும் கிளறிச் சங்கு பொறுக்குவார். மேலே டியூபைப் பிடித்துக்கொண்டு லிங்கராஜ் உட்கார்ந்திருப்பான். "அவரு உயிரு என் கையிலதான் இருக்கு, அதனால எனக்கு ரெண்டு வடை" என்று அவன் தினமும் சொல்லுவான். கிளாட்வின் தினமும் வாங்கிக் கொடுப்பார்.

கரைக்கு வந்தால் முதலில் ஒற்றைக் காலில் நொண்டியடிப்பார். காதுக்குள் போன தண்ணீர் இறங்க வேண்டுமே. இத்தனை வருடம் ஆழத்தின் அழுத்தம் தாங்கிக் காது மந்தம். அதனால் பேச்செல்லாம் சத்தம்தான். ரகசியம் சொன்னால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற நாளில் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க ஆட்கள் போட்டி போடுவார்கள். ஒருமுறை பங்குச் சாமியார் பொறுக்க முடியாமல், "கிளாட்வின், ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும்" என்று சொல்லிவிட்டார். அதுவும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

கடையில் பெஞ்சு இருந்தாலும் உட்கார மாட்டார். கூரைக்கு முட்டுக் கொடுத்த பனங்கட்டையில் முதுகைச் சாய்த்து, மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே டீ குடிப்பார். அந்தக் கட்டை அந்த இடத்தில் மட்டும் வழுவழுவென்று இருக்கும். விடிகாலையில் அவர் வருவதைப் பார்த்தால் கீழே விழுந்த காசைத் தேடி வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவு குனிவு. வள்ளத்தைத் தள்ளி, நங்கூரம் தூக்கி, உடம்பு சூடேறியதும் நிமிர்ந்துவிடுவார். கேட்டால், "கடல் குடுத்த கூலி யக்கா" என்பார். இந்தக் கரையில் குனிந்து நடக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நாங்களும் நம்பினோம்.

அவருக்குப் பெண்டாட்டி ஆக்னஸ், உப்புப் பாக்கெட் போடுகிற கம்பெனியில் வேலை. பெரியவன் அனிஷ், வயது பத்து. சின்னவள் ஷெர்லின், ஐந்து. அனிஷ் கால்பந்து ஆடுகிற பிள்ளை. அவன் உதைத்த பந்து என் பால் சட்டியில் விழுந்த நாளும் உண்டு. போன வருடம் பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் அவன் குதிகால் வலிக்கிறது என்றான். பிறகு வலது முழங்கால் வீங்கியது. காலையில் எழுந்தால் காலைத் தரையில் வைக்க முடியாது, சுவரைப் பிடித்து நகருவான். மதியத்துக்குள் சரியாகிவிடும். விளையாட்டில் பட்டிருக்கும் என்று தைலம் போட்டார்கள்.

கிளாட்வின் மட்டும் தைலம் என்று சொல்லவில்லை. அவர் முகமே விழுந்துவிட்டது. காரணம் அப்போது லிங்கராஜுக்குத்தான் தெரியும். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் அனிஷுக்குப் பிறந்தநாள் வந்தது. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. அப்பா அவனை வள்ளத்தில் கூட்டிப்போனார். பக்கத்திலேயே, இடுப்பளவு ஆழத்தில், அவன் முகத்துக்குக் கண்ணாடி மாட்டி, டியூபை வாயில் கொடுத்துக் கொஞ்ச நேரம் மீன் பார்க்க விட்டார். பிள்ளை சந்தோஷத்தில் குதித்தான், அம்மாவிடம் சொல்லாதே என்றதற்கும் தலையாட்டினான். இரண்டு மாதத்தில் மூட்டு வீங்கியதும் கிளாட்வின் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அந்த டியூபுக் காற்றுதான் மகன் மூட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று.

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. குளிக்காரர்கள் ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்துவிட்டால் மூட்டுகளில் பிடிப்பு வரும். வந்தால் மறுபடியும் டியூபைக் கடித்துக் கீழே இறங்கி, கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்து, மெல்ல மெல்ல ஏறி வருவார்கள். டாக்டர்கள் அது உயிருக்கு ஆபத்து என்கிறார்கள். இவர்கள் கேட்பதில்லை. தண்ணீர் கொடுத்ததைத் தண்ணீர்தான் எடுக்கும் என்று ஒரு நம்பிக்கை. இடுப்பளவு தண்ணீரில் யாருக்கும் பிடிப்பு வராது என்பது கிளாட்வினுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மகன் என்று வந்தால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

அதனால் விடிந்ததும் விடியாததுமாக அனிஷைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். கழுத்தளவு தண்ணீரில் நின்று, பிள்ளையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, காலை மெல்ல மடக்கி நீட்டுவார். அவர் வாய் ஏதோ செபம் சொல்லிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் பிள்ளை கால் இளகும், கரையில் நடப்பான். "பாத்தியளா யக்கா, வாங்குது பாருங்க, கடல் திருப்பி வாங்குது" என்று கத்துவார். மறுநாள் காலையில் கால் பழையபடி மரக்கட்டை. "அண்ணாச்சி, வள்ளம் நேரமாவுது" என்று லிங்கராஜ் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றுவான். மழைக்காலம் வரும்வரை இப்படியே போயிற்று.

இதற்குள் கிளாட்வினின் மூத்த சகோதரி டெல்பின் வேறொரு காரணம் கண்டுபிடித்துவிட்டார். ஆக்னஸுக்குச் சொந்த ஊர் வேம்பார். அங்கே அவளுடைய தாய்மாமன் ஒருவர் கடைசிக் காலத்தில் கூன் விழுந்து இறந்தார். அது போதாதா? "எங்க வீட்டுல ஒரு பிள்ளைக்கு இப்படி உண்டுமா? எல்லாம் வேம்பார் ரத்தம்" என்று டெல்பின் என் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் சொல்வார். ஆக்னஸ் குடத்தோடு அந்த வழியே போனால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். ஆக்னஸ் தலையைக் குனிந்து போய்விடுவாள். கிளாட்வின் கட்டையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பார். ஊருக்கே கேட்கிற அந்தத் தொண்டை அப்போது மட்டும் எங்கே போயிற்று என்று எனக்குக் கோபமாக வரும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அனிஷின் ஒரு கண் செக்கச்செவேல் என்று சிவந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. ஆக்னஸ் யாரையும் கேட்கவில்லை. என்னைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தாள். குழந்தைகளுக்கான மூட்டு டாக்டர் ஸ்ரீஜா என்று ஒருவர் வாரத்தில் ஒருநாள் வருகிறார். மெல்லிய குரல். கண்ணைப் பார்த்தார், உடனே முழங்காலைப் பார்த்தார், குதிகாலை அமுக்கினார். கண்ணுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் நினைத்தேன். சம்பந்தம் இருக்கிறதாம். இது குழந்தைகளுக்கு வருகிற ஒருவகை மூட்டுவாதமாம். கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்து, கண் டாக்டரிடமும் காட்டச் சொன்னார். ரத்தத்தில் ஒரு பரம்பரைக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சோதனை வெளியூருக்குப் போய்த்தான் வரும் என்றார்.

பரம்பரை என்ற சொல் டெல்பின் காதுக்கு எப்படிப் போனதோ, நாங்கள் திரும்பி வருவதற்குள் கடற்கரைக்கே வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஆக்னஸ் என் கடைக்குப் பின்னால் நின்று அழுதாள். "ரிசல்ட்டு மட்டும் வரட்டும் யக்கா, அவுக சொன்னது உறுதியாயிரும். அதுக்கு மேல அந்த வீட்டுல நான் எப்படி இருக்க? பிள்ளையளக் கூட்டிக்கிட்டு வேம்பாருக்குப் போயிருதேன்" என்றாள். மகனுக்காக அழுத வியாகுல மாதாவை நான் நினைத்துக்கொண்டேன். வேறு என்ன சொல்வது?

முடிவு வந்த அன்று கிளாட்வினும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். உள்ளே உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து, வழக்கம்போல முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அனிஷுக்கு அந்தக் குறி இருக்கிறது என்றார் டாக்டர். ஹெச்.எல்.ஏ. பி இருபத்தேழு என்று அதற்குப் பெயர். ஆக்னஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது வியாதி இல்லம்மா, ஒரு அடையாளம்" என்றார் டாக்டர். "பத்துப் பேருக்கு இந்தக் குறி இருந்தா, அதுல ஒன்பது பேர் ஒண்ணுமே இல்லாம நல்லா இருப்பாங்க. ஒருத்தருக்கு இப்படி வரலாம். இது இருக்கறதால மட்டும் வர்றதும் இல்ல, இன்னும் என்னென்னவோ சேரணும். அப்பாகிட்ட இருந்தும் வரலாம், அம்மாகிட்ட இருந்தும் வரலாம். யார் மேலயும் தப்பு இல்ல." பேசிக்கொண்டே அவர் பார்வை கதவுப் பக்கம் போயிற்று. "நீங்க ஏன் சார் அப்படித் தேய்ச்சிக்கிட்டே நிக்கிறீங்க? முதுகு எத்தனை வருஷமா வலிக்குது?"

கிளாட்வின் கதவு நிலையை விட்டு மேசைக்கு வந்தார். "அம்மா, அது குறியும் இல்ல ஒண்ணும் இல்ல. நாந்தான் குடுத்தேன். பிறந்தநாளுக்கு அவன் வாயில டியூபக் குடுத்தேன். அந்தக் காத்துதான்!" என்றார். வராந்தாவில் சீட்டுக்கு நின்ற கூட்டம் முழுவதும் எட்டிப்பார்த்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. டியூபுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நிதானமாக, அவருக்குக் காது கேட்கிற மாதிரி இரண்டு தடவை சொன்னார். ஆனால் ஆக்னஸ் புருஷன் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். "இதையா இத்தனை மாசமா மனசுக்குள்ள வச்சிருந்திய? உங்க அக்கா பேச்செல்லாம் நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். நீங்க டியூபக் கடிச்ச மாதிரி வாயக் கடிச்சிக்கிட்டு நின்னியளாக்கும்?"

"சார், உங்க ரத்தத்தையும் பாத்துருவோம். முதுகுக்கு ஒரு படமும் எடுத்துருவோம்" என்றார் டாக்டர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பத்துப் பாகம் ஆழத்தில் திருக்கை வாலுக்குப் பயப்படாத கிளாட்வினுக்கு ஊசி என்றால் உதறல். ரத்தம் எடுக்கிற அறையில் கையை நீட்டிவிட்டு உடம்பைக் கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். அனிஷ் நொண்டிக்கொண்டே வந்து அப்பாவின் மறு கையைப் பிடித்தான். "அப்பா, இங்கன பாக்காதிய. அங்கன பாருங்க, ஜன்னல்ல காக்கா" என்றான். காக்கா ஒன்றும் இல்லை. அவன் ரத்தம் கொடுத்தபோது நர்ஸ் சொன்ன அதே பொய்தான். கிளாட்வின் காக்காவைத் தேடிக்கொண்டே ரத்தம் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழிந்தும் ஆக்னஸ் கோபம் ஆறவில்லை. டியூபைக்கூட அவள் பெரிதாக நினைக்கவில்லை. தன்மேல் பழி விழும்போது புருஷன் வாயடைத்து நின்றதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளோடு பஸ் ஏறுகிறேன் என்று சொல்லி, துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டாள். சனிக்கிழமை கிளாட்வின் மட்டும் தனியே சோதனை முடிவு கேட்க ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். என்ன சொன்னார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு பூசை விட்டுக் கூட்டம் என் கடையை மொய்த்திருந்தது. டெல்பின் பெஞ்சில் உட்கார்ந்து டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தார். எதிரே ஆக்னஸ் கையில் பையோடு, ஷெர்லினைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோவுக்கு நின்றாள். பக்கத்தில் அனிஷ். டெல்பினுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "போறவ போகட்டும். வேம்பார் ரத்தம் வேம்பாருக்கே போகுது" என்றார்.

"யக்கா!"

கட்டையில் சாய்ந்திருந்த கிளாட்வின் நிமிர்ந்து நின்றார். வள்ளம் தள்ளாமல், உடம்பு சூடேறாமல், காலை வேளையில் அவர் நிமிர்ந்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வேம்பார் ரத்தம் இல்ல யக்கா. நம்ம ரத்தம். எனக்கும் அதே இருபத்தேழு இருக்கு. என் முதுகுலயும் அதே சீக்குதான். டாக்டரம்மா படத்த வெளிச்சத்துல புடிச்சுக் காட்டுதாவ. நான் பாட்டுக்குக் கடல் கடல்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நம்ம அப்பா எப்படி நடந்தாவ? தலைய நிமுத்தி மேகம் பாக்க முடிஞ்சுதா அவுகளால? அதையும் கடல்னுதான சொன்னோம்? கடல் பாவம், திருப்பிப் பேசாது. இவளும் திருப்பிப் பேசல. அதனால ரெண்டு பேரு தலையிலயும் போட்டுட்டோம்."

லிங்கராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான். "இருபத்தேழா? ஏதோ பஸ் நம்பர் மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி." இரண்டொருவர் சிரித்தார்கள். டெல்பின் சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். ஒரு கையை மேசையில் ஊன்றி, ஒரு கையை இடுப்பில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவரால் நிமிர முடிந்தது. தினமும் அப்படித்தான் எழுந்திருப்பார். அன்றைக்குத்தான் நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். கிளாட்வின் ஓடிப்போய் அக்காவின் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, "நீயும் ஒருவாட்டி டாக்டரம்மாவப் பாத்துரு யக்கா. ஊசிதான் கொஞ்சம் வலிக்கும்" என்றார். அவர் கணக்கில் அது ரகசியம். சர்ச் படிக்கட்டில் நின்றவர்களுக்கும் கேட்டது.

ஆட்டோ வந்து நின்றது. ஆக்னஸ் அதைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "கொஞ்சம் மெதுவாத்தான் சொல்லுங்களேன். துறைமுகத்துல நிக்கிற கப்பலுக்கெல்லாம் கேட்டிருக்கும்" என்றாள். பிறகு பையை அனிஷ் கையில் கொடுக்காமல் கிளாட்வின் கையில் கொடுத்தாள். "அந்த டியூபுக்கு மட்டும் உங்கள நான் சும்மா விடமாட்டேன், ஆமா" என்று சொல்லிக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தாள். ஆட்டோக்காரன் திட்டினான். அவனுக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பினேன்.

குழந்தையின் ரத்தத்தில் இப்படி ஒரு குறியை ஆண்டவர் ஏன் வைத்தார் என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன். தெரியவில்லை அம்மா என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இப்போது அனிஷ் வாராவாரம் ஞாயிறு பூசை முடிந்து மாத்திரை போட்டுக்கொள்கிறான். கண்ணைத் தவறாமல் காட்டுகிறார்கள். வீக்கம் வற்றியிருக்கிறது, பந்தை இன்னும் இடது காலால்தான் உதைக்கிறான். கிளாட்வினுக்கும் மருந்து உண்டு, உடற்பயிற்சியும் உண்டு. கடற்கரை மணலில் மல்லாந்து படுத்து அவர் காலைத் தூக்குவதைப் பார்க்கச் சின்னப் பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள். கண் சிவந்தால் உடனே ஓடிவரச் சொல்லி அவருக்கும் உத்தரவு. சங்கு குளிப்பதை இனிமேல் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதை மட்டும் கிளாட்வின் சரியாகக் காதில் வாங்கவில்லை. காது மந்தம் சில நேரம் வசதிதான்.

விடிகாலையில் அப்பாவும் மகனும் கடலில் இறங்குவது நிற்கவில்லை. நீந்துவது மூட்டுக்கு நல்லது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் இப்போது கிளாட்வின் பிள்ளையைத் தாங்கிக்கொண்டு செபம் சொல்வதில்லை. கூடவே நீந்துகிறார். இரண்டு பேரும் விறைத்த உடம்போடு இறங்கி, இளகி, கரையேறுகிறார்கள்.

போன வாரம் அவர்கள் மதுரைக்குக் கிளம்பினார்கள். மாத்திரைக்கு மேலே ஒரு ஊசி மருந்து தேவைப்படுமா என்று அங்கே பெரிய டாக்டரிடம் கேட்கப் போகிறார்கள். வழியனுப்பப் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். ஆக்னஸும் அனிஷும் ஏறி உட்கார்ந்தாயிற்று. ஷெர்லின் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். "தம்பி, சின்னவளுக்கு அந்தச் சோதனை பாக்கலியா?" என்று மெதுவாகக் கேட்டேன். இப்போது அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, வலி, வீக்கம், கண் சிவப்பு வந்தால் பார்க்கலாம், அதுவரை பிள்ளையைப் பிள்ளையாக இருக்க விடச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்றார் கிளாட்வின்.

பஸ் உறுமியது. கிளாட்வின் படியேறிப் போய், மறு தோளில் கிடந்த துண்டை எடுத்து நான்காக மடித்து அனிஷின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். அனிஷ் அதை உருவி எடுத்து அப்பா உட்காரப்போகிற இடத்தில் வைத்தான். இருவரும் கொஞ்ச நேரம் மாறி மாறி வைத்துப் பார்த்தார்கள். பிறகு கிளாட்வின் துண்டை அவனிடமே விட்டுவிட்டு, தூங்குகிற மகளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக என்னிடம் குனிந்தார். பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கிற அதே குரல்.

"சின்னவளுக்கும் ஒருவேளை வந்தா வரட்டும் யக்கா. யாரு குடுத்தான்னு அவ தேடி அலைய வேண்டாம்லா. அப்பன் நான் இங்கனதான இருக்கேன்."